ஊத்துப்பாறைத் தொட்டி

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளியலறையில் கரப்பான் இருந்ததால் குளிக்காமலேயே வேலைக்குப் போன நாள்கள் எனக்கு உண்டு. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மாடு எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். அப்படிப்பட்ட ஹெப்சிபா காட்டுவிலங்கு வேலை பார்க்கிறாள் என்றால் எங்கள் சபையில் எல்லாருக்கும் சிரிப்புதான். போதகரே ஒருமுறை, "புலியெல்லாம் சௌக்கியமாம்மா?" என்று கேட்டார். எங்கள் மலையில் புலி கிடையாது. காட்டுமாடு உண்டு. ஆயிரம் கிலோ வரும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆனால் நான் காட்டுக்குப் போவதில்லை. காடுதான் என்னிடம் வரும், நகத்தளவு மெமரி கார்டில். கோரிப்பாளையத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பீரோ, சுவர் முழுக்க ஒரு வரைபடம். கழுகுமேட்டு மலை, அதிலிருந்து இறங்கும் ஓடை, ஓடை நிரப்பும் நாலு கண்மாய், கண்மாய் பாயும் வயல்கள், எல்லாம் அந்தப் படத்தில் உண்டு. மலையில் பன்னிரண்டு தானியங்கி கேமராக்கள் கட்டியிருக்கிறோம். எது குறுக்கே போனாலும் தானாகப் படம் எடுக்கும், தேதியும் நேரமும் போட்டு. வனத்துறைக் காவலர் சுருளி அண்ணன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கார்டுகளைக் கழற்றிக்கொண்டு வருவார். நான் உட்கார்ந்து பிரிப்பேன். இது மான், இது முள்ளம்பன்றி, இது காற்றில் ஆடிய புல்.

திட்டம் ஹாலாஸ்யம் சாருடையது. விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாக அவர் சொல்லிவருவது ஒன்றுதான். மலையைத் தனியாக, ஓடையைத் தனியாக, கண்மாயைத் தனியாகப் பார்த்தால் மூன்றும் கெட்டுப்போகும். மேலே மரம் போனால் கீழே கண்மாயில் மண் மேவும். மேலே தண்ணீர் இல்லையென்றால் மாடு வயலுக்கு இறங்கும். மாடு இறங்கினால் விவசாயி கரண்ட் வேலி போடுவான். "எல்லாம் ஒரே உடம்பு, ஹெப்சிபா. கால்வலிக்குக் காலை மட்டும் பார்க்கிறவன் டாக்டரே இல்லை" என்பார். பதினான்கு மாதத்துக்கு முன்னால்தான் யாரோ ஒரு பெரிய அதிகாரி அதைக் காதில் போட்டுக்கொண்டார். திட்டம் வந்தது. எனக்கும் சம்பளம் வந்தது.

சார் போட்ட விதிகளில் ஒன்று: மனிதர் விழுந்த படங்களை வைத்திருக்கக் கூடாது. 'ஆள்' என்ற ஃபோல்டரில் தள்ளி, மாதக் கடைசியில் அழித்துவிட வேண்டும். கெட்ட விதி இல்லை. வேறெங்கோ ஓர் ஊரில் காட்டுக் கேமராவில் ஒதுங்கப் போன பெண்ணின் படம் விழுந்து, அது போன் போனாகச் சுற்றி, பெரிய அசிங்கமாகிவிட்டதாம். அதிலிருந்து சாருக்கு அது ஒரு வைராக்கியம். நானும் ஒழுங்காக அழித்தேன். ஒரு கையில் முறுக்கை வைத்துக்கொண்டு மறுகையால் அழித்தேன். முகம்கூடப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. விலங்குகளுக்காகக் கேமராவைத் தொடை உயரத்தில் கட்டுகிறோம். அருகில் போகிற ஆளுக்குக் கழுத்துக்கு மேலே படத்தில் இருக்காது.

இப்படி ஆளை எல்லாம் அழித்த பிறகு மிச்சமிருந்த படங்களை வைத்து வரைபடம் போட்டோம். மலையின் கிழக்குச் சரிவில் ஊத்துப்பாறை என்று ஓர் இடம். மாடு வருகிறது, மான் வருகிறது, ஆள் நடமாட்டம் சுத்தமாக இல்லை. இல்லாமல் எப்படி இருக்கும்? அழித்தது நான்தானே. ஆனால் அப்போது அது எனக்கு உறைக்கவில்லை, சாருக்கும் உறைக்கவில்லை. ஆள் போகாத இடம் என்று பச்சை வட்டம் போட்டு அறிக்கை கொடுத்தோம். தை மாதம் வனத்துறை அங்கே ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி, ஊற்றுத் தண்ணீரை அதில் விட்டது. மாடுகள் மேலேயே தங்கின. மாசி முழுக்க ஒரு வயலில்கூட மாடு இறங்கவில்லை. கிராமத்தில் சாருக்குச் சால்வை போட்டார்கள்.

பங்குனியில், ஒரு புதன்கிழமை காலை, நான் அந்தத் தொட்டிக்குப் பக்கத்துக் கேமராவின் படங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண். கரும்பச்சைச் சேலை, மஞ்சள் கரை, தோளில் சாக்கு, கையில் களைக்கொத்தி. கழுத்துக்கு மேலே இல்லை. நேரம் 11:51. வழக்கம்போல 'ஆள்' ஃபோல்டருக்குத் தள்ளினேன். அடுத்த படம் 11:57. ஒரு காட்டுமாடு, காளை. தனியாக. படம் கொள்ளாத உடம்பு. இடது காது பாதி கிழிந்து தொங்கியது. அந்தப் பெண் போன அதே ஒற்றையடிப் பாதையில், அதே திசையில் போய்க்கொண்டிருந்தது.

ஆறு நிமிடம். கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தேன்.

'ஆள்' ஃபோல்டரைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் திறந்து பார்க்கிறேன். மாதம் முடியாததால் நாலு வெள்ளிக்கிழமைப் படங்கள் இருந்தன. நாலிலும் அதே பச்சைச் சேலை, அதே சாக்கு. பதினொன்று ஐம்பது, பதினொன்று ஐம்பது, பதினொன்று நாற்பத்தொன்பது, பதினொன்று ஐம்பத்தொன்று. கடிகாரம் வைத்து நடந்த மாதிரி. பிறகு அதே வெள்ளிக்கிழமைகளில் அந்தக் காளை விழுந்த படங்களைத் தேடி எடுத்தேன். முதல் வாரம் 12:38. அடுத்து 12:21. அடுத்து 12:05. கடைசியாக 11:57.

வெயில் ஏற ஏற அந்தக் காளை சீக்கிரம் தண்ணீருக்கு வருகிறது. அந்தப் பெண்ணோ நேரத்தை மாற்றவில்லை. நாற்பத்தெட்டு நிமிடம், முப்பத்தொன்று, பதினாறு, ஆறு. அடுத்த வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்று கணக்குப் போட எனக்கு எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.  இயேசுவே என்று வாய்விட்டுச் சொன்னேன், ஜன்னலுக்குக் கீழே செருப்புக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

ஹாலாஸ்யம் சார் பதினொரு மணிக்கு வந்தார். காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் முகத்தில் பயம் வந்ததைப் பார்த்தேன். ஆனால் அவர் பயந்தது வேறொன்றுக்கு.

"அப்போ அங்க ஆள் போயிண்டிருக்கா" என்றார்.

"ஆமா சார். நாமதான் அழிச்சோம்."

"திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங், ஹெப்சிபா. இந்த மேப் தப்புன்னு தெரிஞ்சா திட்டத்தையே மூடிடுவா. இருபது வருஷம்." சுவரிலிருந்த வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். "மீட்டிங் முடியட்டும். தொட்டியை வேற இடத்துக்கு மாத்தச் சொல்லி நானே எழுதித் தரேன்."

"சார், வெள்ளிக்கிழமை திங்களுக்கு முன்னாடி வருது."

"ரேஞ்சர்ட்ட இந்தப் படத்தைக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? மாட்டைப் பிடிக்க மாட்டா. அந்தப் பொம்பளையைப் பிடிப்பா. காப்புக்காட்டுல நன்னாரி வேர் தோண்டினதுக்குக் கேஸ். அதுவும் நாம குடுத்த படத்தை வெச்சு. சுருளியைக் கேளு. யாருன்னு தெரிஞ்சா வராதேன்னு சொல்லச் சொல்லு. போதும்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மலையும் ஓடையும் கண்மாயும் சேர்ந்தால்தான் காடு என்று ஊரெல்லாம் பேசிவிட்டு, அதில் நடக்கிற ஆளை மட்டும் நாங்கள் உட்கார்ந்து வழித்தெறிந்திருக்கிறோம்.

சுருளி அண்ணனை வரச் சொன்னேன். மாலை நாலு மணிக்கு வந்தார். ஐம்பதை நெருங்கும் ஆள், ஒல்லி, காக்கிச் சட்டையில் எப்போதும் மேல் பொத்தான் இருக்காது. படத்தைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார்.

"யாருன்னு தெரியுமாண்ணே?"

 நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரி மேடம்" என்றார். "ராக்காயி. அந்தச் சேல அவ சேலதான். வெள்ளிக்கிழமை நாங்க அம்புட்டுப் பேரும் ரேஞ்ச் ஆபீஸ்ல கையெழுத்துப் போடப் போயிருவோம். அது அவளுக்குத் தெரியும். நான் காவல்காரன், என் பொண்டாட்டியே உள்ள போறான்னா... வேலை போயிரும் மேடம். சார்ட்ட யாருன்னு சொல்லிராதீங்க."

"நான் சொல்ல மாட்டேன். ஆனா வர்ற வெள்ளி அவங்க போகக் கூடாது. அந்தக் காளையப் பாருங்க. நேரத்தப் பாருங்க."

அவர் நேரத்தைப் பார்த்தார். நான் நாலு எண்ணையும் தாளில் எழுதிக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "போக மாட்டா. நான் பாத்துக்கிறேன். சத்தியம் மேடம்" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் செய்தார். சொல்லிவிட்டாராம். ராக்காயி போக மாட்டேன் என்று அவர் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டாளாம். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் வந்த உயிர் நிலைகொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கிழிந்த காது ஞாபகம் வந்தது. அம்மா, "என்னடி, ஜுரமா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அழகர்கோவில் ரோட்டில் போனேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் வீட்டில் இருக்கிறாள் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்துவிட்டால் திரும்பிவிடலாம். அழகர்கோவில் தாண்டி, கிழக்கே திரும்பி, கழுகுமேட்டு அடிவாரத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தே முக்கால்.

சுருளி அண்ணன் வீடு அங்கன்வாடிக்கு அடுத்தது. ராக்காயி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குட்டையான, நல்ல சதைப்பிடிப்பான பெண். வாயில் வெற்றிலை. என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து, உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

"நீங்கதான் ஆபீஸ் மேடமா? அவரு சொன்னாரு. நான் போகல தாயி, பாத்துக்கங்க. வீட்டுலதான் இருக்கேன்."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். குடித்துக்கொண்டே நிமிர்ந்தபோது எதிர்வீட்டுக் கொடியைப் பார்த்தேன். கரும்பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சள் கரை. அதற்கு அடுத்த வீட்டுக் கொடியிலும் ஒன்று. தெருமுனைக் குழாயில் குடம் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் உடுத்தியிருந்ததும் அதே பச்சை.

"இது என்ன, எல்லார்ட்டயும் இந்தச் சேல?"

ராக்காயி சிரித்தாள். "பொங்கலுக்கு ரேஷன் கடையில குடுத்தது தாயி. இந்த வருசம் எங்க கடைக்கு இந்த ஒரே கட்டுதான் வந்துச்சு. ஊரே பள்ளிக்கூடத்துப் புள்ளைக மாதிரி திரியிறோம்."

செம்பைக் கீழே வைத்தேன். படத்தில் இருந்த பெண்கள் என் மனதில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஒருத்தி சாக்கை இடது தோளில் போட்டிருந்தாள், ஒருத்தி வலதில். ஒருத்தி கையில் இரும்பு வளையல், ஒருத்தி கையில் ஒன்றுமில்லை. அது எல்லாம் படத்தில் தெளிவாகத்தான் இருந்தது. நான்தான் சேலையைப் பார்த்து ஒரே ஆள் என்று முடிவு கட்டினேன். புருஷனும் சேலையைப் பார்த்துத்தான் பொண்டாட்டி என்றான்.

"அக்கா, போன நாலு வெள்ளியும் நீங்கதான் போனீங்களா?"

"இல்ல தாயி. ரெண்டாவது வெள்ளி மட்டுந்தான் நான். நாங்க முறை வெச்சுப் போவோம். கூட்டமாப் போனா தடம் தெரிஞ்சுரும்னு வாரத்துக்கு ஒரு ஆளு. தோண்டுற வேர எல்லாரும் பங்கு வெச்சுக்குவோம். மொத்தம் பதினோரு பேரு. ஒருத்தருக்கு மேலுக்கு முடியலன்னா இன்னொருத்தர் போகணும், அதான் பேச்சு."

"இன்னிக்கு யார் முறை?"

"சின்னச்சாமி பொண்டாட்டி முறை. அவளுக்கு மேலுக்கு முடியல, அதான் நான் போறேன்னு ஒத்துக்கிட்டிருந்தேன். இவரு நேத்து வந்து கேமராவுல விழுந்துட்ட, வேலை போயிரும், போகாதன்னு குதிச்சாரு. அதான் பவதாரிணிய அனுப்பிட்டேன். புதுசாக் கல்யாணமாகி வந்த புள்ள. இன்னிக்குத்தான் மொத நாளு."

நான் எழுந்துவிட்டேன். "மாட்டப் பத்தி அண்ணன் சொல்லலையா?"

"எந்த மாடு?"

அவர் மாட்டைப் பற்றிச் சொல்லவே இல்லை. பிறகு யோசித்தால் அதற்கும் காரணம் தெரிகிறது. மலையடியில் பிறந்தவளிடம் மாடு இருக்கிறது என்று சொன்னால் கேட்பாளா? வேலை போய்விடும் என்றால் கேட்பாள். அவர் எது பலிக்குமோ அதைச் சொல்லியிருக்கிறார். நான் என் நாலு எண்ணையும் இப்போது ராக்காயியிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. வெற்றிலையைத் துப்பினாள்.

"அய்யய்யோ" என்றாள். "கேமராவுல விழாம போன்னு நாந்தான் சொல்லி விட்டேன். பாதையில போகாத, கீழ ஓடைக்குள்ள எறங்கி, தொட்டிக்குப் பொறத்தால ஏறுன்னு. அங்கிட்டு ஒரே உண்ணிச்செடி. மாடு நின்னா அவளுக்குத் தெரியாதே."

"போன்?"

"சத்தம் வந்துரும்னு யாரும் போன் எடுத்துட்டுப் போறதில்ல தாயி. பத்தரைக்குக் கிளம்புனா."

மணி பதினொன்று. சுருளி அண்ணனை அழைத்தேன். எடுத்ததும், "நீங்க நெனச்சது தப்புண்ணே, வேற பிள்ளை போயிருக்கு, உடனே ஊத்துப்பாறைக்கு வாங்க" என்று கத்தினேன். ரேஞ்ச் ஆபீஸிலிருந்து கிளம்பி வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார். அதுவரைக்கும் காத்திருந்தால் மணி பன்னிரண்டைத் தாண்டிவிடும்.

அந்த இடத்தில் நான் இன்னொன்று செய்திருக்கலாம். ஊர் ஆம்பளைகள் நாலு பேரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கூப்பிட்டால் பதினோரு பெண்கள் விஷயமும் வெளியே வந்துவிடும் என்று ஒரு கணம் தயங்கினேன். "வழி உங்களுக்குத்தான் தெரியும், வாங்கக்கா போவோம்" என்றேன். இதைச் சொன்னது நான்தான்.  அவள் வெங்காயத்தட்டை அப்படியே போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கேமராக்களில் அந்த மலையை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். எந்தப் படத்திலும் இந்த வெயில் இல்லை. புல் காய்ந்து காலை அறுத்தது. மூச்சு வாங்கியது, நெஞ்சு காதுக்குள் அடித்தது. ராக்காயி அவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு பாறைக்குப் பாறை ஏறினாள். நடுவழியில் சாணி கிடந்தது, தட்டு அளவுக்கு, இன்னும் ஈரம் போகவில்லை. அவள் குனிந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேகத்தைக் கூட்டினாள். திரும்பி ஓடிவிடலாம் என்று எனக்கு இருந்தது. தனியாகத் திரும்பி நடக்கிற பயம்தான் என்னை அவள் பின்னாலேயே ஏற வைத்தது. அதில் தைரியம் ஒன்றுமில்லை.

ஊத்துப்பாறை வந்தபோது முதலில் கேட்டது களைக்கொத்திச் சத்தம். டக், டக் என்று நிதானமாக. அடுத்து, தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம்.

ராக்காயி என் தோளை அழுத்தி ஒரு வேம்புக்குப் பின்னால் உட்கார வைத்தாள். முப்பதடி தூரத்தில் தொட்டி. காளை எங்களுக்குப் பக்கவாட்டில் நின்று குடித்துக்கொண்டிருந்தது. கறுப்பு முதுகில் வெயில் பளபளத்தது. தொட்டிக்கு அந்தப் பக்கம் உண்ணிச்செடிப் புதர். புதருக்குப் பின்னால், பச்சைச் சேலை கொஞ்சம் தெரிந்தது. அந்தப் பெண் முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து வேர் தோண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மாட்டுக்கும் இடையில் பத்தடிகூட இருக்காது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாட்டுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் அதன் கிழிந்த காது திரும்பியது.

"சத்தம் போடாத" என்று ராக்காயி என் காதில் சொன்னாள். "குடிச்சுட்டுப் போயிரும். தானாப் போயிரும்."

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஜெபம் பண்ண வாய் வரவில்லை.  கொத்துச் சத்தம் நின்றால் நல்லது என்று நினைத்தேன். நின்றது. காளை தலையைத் தூக்கியது. வாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. மூக்கால் ஒரு சீறல். மெதுவாக உடம்பைத் திருப்பிப் புதரைப் பார்த்து ஒரு எட்டு வைத்தது. அந்தப் பக்கம் பவதாரிணி தும்மினாள்.

காளை தலையைத் தாழ்த்தியது.

ராக்காயி எழுந்தாள். நான் அவள் சேலையைப் பிடித்தேன். பிடித்தேனா, பிடிக்க நினைத்தேனா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அவள் மரத்தை விட்டு வெட்டவெளிக்குப் போய் இரண்டு கையையும் ஓங்கித் தட்டினாள். "ஏய், இங்கிட்டுப் பாரு! இங்கிட்டு! பவதாரிணி, பாறையில ஏறுடி!"

புதருக்குப் பின்னால் அந்தப் பெண் எழுந்து, மாட்டைப் பார்த்து, அலறிக்கொண்டே பாறைமேல் தொற்றினாள். காளை அவளை விட்டுவிட்டது. திரும்பியது. ஆயிரம் கிலோ உடம்பு அவ்வளவு வேகமாகத் திரும்பும் என்று எந்தப் படமும் எனக்குச் சொன்னதில்லை. ராக்காயி ஓடினாள். நாலு எட்டுதான் ஓடியிருப்பாள். நான் மரத்துக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லை எடுக்கவில்லை, கத்தவில்லை. அவளைத் தூக்கி எறிந்த சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது காளை இல்லை. மேலே சரிவில் செடிகள் முறிகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

ராக்காயி பாறை ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். விலாவுக்குக் கீழே ரத்தம் நிற்கவே இல்லை. என் துப்பட்டாவை வைத்து அழுத்தினேன், அது நனைந்துவிட்டது. பவதாரிணி தன் முந்தானையைக் கிழித்துக் கொடுத்தாள், அதுவும் நனைந்தது. இருபது வயது இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. "அத்தே, அத்தே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ராக்காயி தண்ணீர் கேட்டாள். தொட்டியிலிருந்து கையில் அள்ளிக்கொண்டு வந்தேன். வழியிலேயே பாதி சிந்திவிட்டது. மீதி அவள் உதட்டில் பட்டது. ஒரு வாய் விழுங்கினாள். இரண்டாவது தடவை அள்ளிக்கொண்டு வரும்போது அவள் கண் திறந்தபடி இருந்தது, பார்வை இல்லை.

பன்னிரண்டே கால் ஆனது சுருளி அண்ணன் வர. கூட இரண்டு காவலர்கள். மேலே ஏறி வந்ததும் முதலில் பவதாரிணியைப் பார்த்தார், உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடுதான் கீழே பார்த்தார்.

அவர் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கன்னத்தைத் தட்டினார், தூங்குகிற ஆளை எழுப்புவதைப் போல. பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றுமே புரியாத முகம்.

"இவள நான் போகாதன்னு சொல்லிப்புட்டேனே மேடம். சத்தியம் பண்ணுனாளே. வீட்டுலதானே இருந்தா?"

"வீட்டிலதான் இருந்தாங்கண்ணே" என்றேன். "நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

 அவள் சேலை முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடந்தது. அதைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டார். பிறகு கூட வந்தவர்களிடம், தூக்குவதற்கு நல்ல கம்பாக இரண்டு வெட்டிக்கொண்டு வரச் சொன்னார்.